கியர் ராடைக் குட்டையாக்கினால்

கையால் கியர் போட்டு ஓட்டும் கார்கள் உலகெங்கும் குறைந்துகொண்டே வருகின்றன. ஆனாலும் அவற்றை விட மனமில்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு, வண்டி கைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே கியர் ராடின் மீது கண் போய்விடும். கம்பெனி கொடுத்த ராடைக் கழற்றிவிட்டு, வெளியே விற்கும் 'ஷார்ட் ஷிஃப்டர்' ஒன்றை மாட்டுவார்கள். கியர் மாற்றக் கை நகர வேண்டிய தூரம் அதனால் குறையும். கியர் சட்டென்று விழும், வண்டியும் வேகமெடுக்கும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. அது எவ்வளவு தூரம் நிறைவேறும் என்று இன்று பார்ப்போம்.

இதை விளக்க மாஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல வண்டி. ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இதை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் இதன் பெயர் மியாட்டா. இரண்டே இருக்கை, முன்னால் எஞ்சின் (தொடக்கத்தில் 1.6 லிட்டர்), பின்சக்கரங்களுக்கு இழுவை. 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. நமக்கு வேண்டிய செய்தி இதன் கியர் ராடில் இருக்கிறது. ராடு நேராகக் கியர் பாக்ஸின் தலைக்குள் இறங்குகிறது. நடுவில் கேபிள் கிடையாது, இணைப்புக் கம்பி கிடையாது. பல்சக்கரம் பூட்டிக்கொள்வது அப்படியே உள்ளங்கையில் தெரியும்.

கியர் ராடு ஒரு நெம்புகோல். அதன் உடம்பில் ஓரிடத்தில் உருண்டை ஒன்று இருக்கும். அதுதான் அச்சு. அச்சுக்கு மேலே நம் கை பிடிக்கும் பகுதி, கீழே கியர் பாக்ஸுக்குள் வேலை செய்யும் பகுதி. கணக்குக்காக மேலே 20 சென்டிமீட்டர், கீழே 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழ்முனை ஒரு சென்டிமீட்டர் நகர, கை ஐந்து சென்டிமீட்டர் நகர வேண்டும். இப்போது அச்சை உயர்த்தி, கீழ்ப்பகுதியை 5 சென்டிமீட்டர் ஆக்குகிறோம். மேலே அதே 20. இனி கை நான்கு சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். ஐந்தில் ஒரு பங்கு தூரம் மிச்சம். ஆனால் தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் கொடுத்தாக வேண்டும். அதே கியரைப் போட இப்போது கால் பங்கு கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும். பழைய பேருந்துகளில் ஓட்டுநரின் இடப்பக்கம் நெடிதாக நின்று ஆடுமே, அந்த ராடை நினைத்துக்கொள்ளுங்கள். கனத்த பல்சக்கரங்களைக் குறைந்த விசையில் நகர்த்தத்தான் அந்த நீளம். ஷார்ட் ஷிஃப்டர் செய்வது அதற்கு நேர்மாறான வேலை.

சரி, கையில் வலு இருக்கிறது, கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் ஆயிற்று என்று தோன்றும். கியர் பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகிறோம். மூன்றாவது கியரின் பல்சக்கரம் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, அதைப் பூட்ட வேண்டிய தண்டு வேறு வேகத்தில் சுற்றுகிறது. இடையில் சின்க்ரோ என்னும் பித்தளை வளையம். ராடைத் தள்ளும்போது அந்த வளையம் பல்சக்கரத்தின் கூம்பில் உரசி இரண்டு வேகத்தையும் சமப்படுத்துகிறது. சமமாகும் வரை கியர் விழாமல் தடுத்துப் பிடிப்பதும் அதுதான். இந்த வேலைக்கு ஒரு சிறு நேரம் தேவை. கூம்பின் மீது விழும் அழுத்தம் குறைந்தால் அந்த நேரம் நீளும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலும் நீளும். ராடைக் குட்டையாக்கியதால் அது ஒரு துளியும் குறைவதில்லை. கை சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டு, சின்க்ரோவுக்காகக் காத்து நிற்கும். பொறுமை இல்லாதவர் ஓங்கித் தள்ளுவார். அந்த அடியைத் தாங்குவது பித்தளை வளையம்.

போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1972 முதல் 1986 வரை அந்த வண்டிகளில் வந்தது 915 என்ற கியர் பாக்ஸ். அவசரப்படுத்தினால் அது முரண்டு பிடிக்கும், நிதானமாகப் போட்டால் இசைந்து கொடுக்கும். அதில் குட்டை ராடு மாட்டுவதை அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலர் விரும்புவதில்லை. ஏற்கெனவே சிரமப்படும் சின்க்ரோவுக்கு நெம்புகோலின் உதவியையும் குறைப்பானேன் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ராடு மாற்ற நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது, புஷ் எப்படி இருக்கிறது என்பதைத்தான். எம்எக்ஸ்-5 வண்டியில் ராடின் கீழ்முனை ஒரு நைலான் புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருட வண்டியில் அது தேய்ந்து, சில சமயம் உடைந்தே போயிருக்கும். ராடு இறங்கும் கூட்டில் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் நிற்க வேண்டும். பல வண்டிகளில் அது வற்றியோ அழுக்காகவோ இருக்கும். கீழே உள்ள ரப்பர் உறை கிழிந்து, சூடும் இரைச்சலும் உள்ளே ஏறும். புது புஷ், புது உறை, 75டபிள்யூ-90 எண்ணெய் என்று இந்த மூன்றையும் மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ராடின் ஆட்டம் நின்று, கியர் இருக்குமிடம் தெளிவாகக் கைக்குத் தெரியும்போது கிடைக்கும் சுகம் இருக்கிறதே, பலர் ஷார்ட் ஷிஃப்டரில் தேடுவது உண்மையில் அதைத்தான். செலவும் ஷிஃப்டரின் விலையில் சிறு பங்குதான்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஆசை அடங்கவில்லையா? தாராளமாக மாட்டுங்கள். நல்ல கியர் பாக்ஸில், அளவாகக் குறைத்த ராடு மணிக்கட்டின் ஒரு திருப்பத்தில் கியர் போட வைக்கும். மலைப்பாதையில் அது பெரிய மகிழ்ச்சி. ஆனால் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். இருப்பதிலேயே அதிகம் குறைப்பதை வாங்காதீர்கள். முழுக்க உலோக புஷ் போட்டவற்றில் கியர் பாக்ஸின் அதிர்வு முழுவதும் கைக்கு வரும், நெடும்பயணத்தில் காதில் ரீங்காரம் ஓயாது. சில ஷிஃப்டர்கள் முன்பின் தூரத்தோடு இட வலத் தூரத்தையும் குறைத்துவிடுகின்றன. கியர்கள் நெருங்கி நிற்கும்போது, மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டிய கை இரண்டில் விழுந்துவிடலாம். உச்ச வேகத்தில் அப்படி நடந்து கிளட்சையும் விட்டால், எஞ்சின் தாங்காத சுற்றுக்குப் போய் வால்வு பிஸ்டனில் மோதலாம்.

கவனமாகச் செய்த ஷிஃப்டருக்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவில் 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓ காரில் கம்பெனியே ஹர்ஸ்ட் என்ற நிறுவனத்தின் ஷிஃப்டரைப் பொருத்திக் கொடுத்தது. ஹர்ஸ்ட் ஷிஃப்டர்களில் ராடு ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் ஸ்டாப் போல்ட்டுகள் உண்டு. ஆத்திரத்தில் இழுத்தாலும் உள்ளே கியரைப் போடும் ஃபோர்க் வளையாது. அதைச் செய்தவர்கள் ஓட்டுபவரின் கையை மட்டுமல்ல, கியர் பாக்ஸையும் மனத்தில் வைத்திருந்தார்கள். உங்கள் வண்டிக்கு வாங்கும்போதும் இப்படிப்பட்ட அக்கறை தெரிகிறதா என்று பாருங்கள்.

எம்எக்ஸ்-5இல் ராடு மாற்றும் வேலைக்கு வண்டியைத் தூக்க வேண்டியதில்லை, உள்ளே உட்கார்ந்தபடியே முடிக்கலாம். ராடைக் கழற்றியதும் கியர் பாக்ஸின் வாய் திறந்து கிடக்கும். சுற்றிலும் முன்கூட்டியே துடைத்து வைத்துவிட்டு, சுத்தமான துணியால் அதை மூடிக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு, எஞ்சினை அணைத்த நிலையில் கிளட்சை மிதித்து, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் முழுசாக விழுகிறதா, ராடு கன்சோலில் எங்கும் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு உறைகளை மூடுங்கள்.