தொழில் பழகும் பிள்ளைக்கு அரசு தரும் பணம்: யாருக்கு, எவ்வளவு, எப்படி?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டணமும் தண்ணீர் லாரியும் பேசி முடித்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கிறீர்கள். ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தொழில் பழகும் பிள்ளைகளுக்கு அரசு என்ன பணம் தருகிறது என்று சொல்லச் சொன்னார் செயலாளர்.

தொழில் பழகுவது என்றால் என்ன என்று சிவகாசிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பழகி வந்தார்கள். அதிலிருந்துதான் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், லேபிள் அடிக்க ஆரம்பித்த அச்சாபீஸ் எல்லாம் வந்தன.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்த கதை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-ல், எம்.சி.மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016 திருத்தத்தின்படி 18 வயது ஆகாத யாரையும் அபாயகரமான வேலையில் வைக்கக் கூடாது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட 16 வயதுப் பையன் 18 வரை என்ன செய்வான்? யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு கொட்டகையில் திரி ஒட்டப் போவான். அந்த இரண்டு வருஷத்துக்கு வழி சொல்வதுதான் என் பேச்சின் நோக்கம்.

முதல் வழி ஐ.டி.ஐ. நம் மாவட்டத்தில் விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எட்டாம் வகுப்பு தேறியிருந்தாலே வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. சீருடை, புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ் இலவசம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை என்றால், பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். இரண்டையும் சேர்த்தால் 1,750. படிக்கும்போதே கிடைக்கிற பணம் இது.

இரண்டாவது வழி தொழிற்பழகுநர் பயிற்சி. நாம் அப்ரண்டிஸ் என்று சொல்வது. 1961-ஆம் வருஷச் சட்டம் இது. 2019-ல் திருத்திய விதிப்படி, குறைந்தபட்ச மாத உதவித்தொகை பத்தாம் வகுப்புக்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஐ.டி.ஐ.க்கும் 7,000, டிப்ளமாவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 என்று வைத்தார்கள். இரண்டாம் வருஷம் 10 சதவீதம், மூன்றாம் வருஷம் 15 சதவீதம் கூடும். இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது.

இங்கே அச்சாபீஸ், மில், பட்டறை வைத்திருப்பவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இனி உங்களுக்கான கணக்கு. 2016-ல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு தருகிறது. ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு 7,000 என்றால் உங்கள் கையிலிருந்து போவது 5,500. அரசின் பங்கு இப்போது பிள்ளையின் கணக்குக்கே நேராகப் போய்விடும். டிப்ளமா, டிகிரி முடித்தவர்களுக்கு வேறொரு திட்டம் இருக்கிறது. அதில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கும். டிப்ளமாக்காரருக்கு 8,000 என்றால் அதில் 4,000. பழகுநருக்கு பி.எப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது.

ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட 30 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் ஆள்கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர் எடுத்தே ஆக வேண்டும். 40 பேர் என்றால் ஒன்றிலிருந்து ஆறு பேர் வரை. 4 முதல் 29 பேர் உள்ள இடங்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். பதிவெல்லாம் அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'அப்ரண்டிஸ்' என்று சொல்பவர் எல்லாம் அப்ரண்டிஸ் எடுப்பவர் இல்லை. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது ஞாபகம் இருக்கும். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, இளம் பெண்களைப் பயிற்சியாளர் என்ற பெயரில் வேலை வாங்கினார்கள். அதனால் மூன்றைக் கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கிறதா? பணம் மாதாமாதம் வங்கியில் விழுகிறதா? முடிவில் தேர்வும் அரசுச் சான்றிதழும் உண்டா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது வெறும் வேலைதான்.

பட்டாசுத் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மருந்துக் கலவையை எப்படிக் கையாள்வது, ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், மிச்ச மருந்தை என்ன செய்வது என்பதையெல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பழகும் தொழிலாக விட்டுவைத்திருக்கிறோம். அப்ரண்டிஸ் சட்டத்தில் அபாயகரமான தொழிலுக்குக் குறைந்தபட்ச வயது 18. அடிபட்டால் நஷ்டஈடு தரும் பொறுப்பு முதலாளிக்கு. தொழிலகப் பாதுகாப்புத் துறையின் பயிற்சி மையம் சிவகாசியிலேயே இருக்கிறது. பட்டாசு ஆபீஸ் வைத்திருப்பவர்கள் போர்மேனை மட்டும் அனுப்பாமல், கலவை அறையில் நிற்பவரையும் அனுப்புங்கள். அந்த ஒரு நாள் கூலி நஷ்டம் இல்லை.

"மாதம் ஆறாயிரம் எந்த மூலைக்கு? பட்டாசுக்குப் போனால் வாராவாரம் கையில் காசு" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டில் கடன் இருக்கும்போது 1,750 ரூபாய் பெரிதாகத் தெரியாதுதான். ஆனால் வாரக் கூலி வேலைக்குச் சான்றிதழ் இல்லை. மழை பெய்தாலும், கோர்ட் தடை வந்தாலும் அது நின்றுவிடும். 2018-ல் பசுமைப் பட்டாசுத் தீர்ப்பு வந்த பிறகு ஆபீஸ்கள் மூடிக் கிடந்ததைப் பார்த்தோம். அப்ரண்டிஸ் முடித்துத் தேசியச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு ரயில்வேயின் முதல் நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது. அங்கே எலக்ட்ரீஷியனும் பிட்டரும் தேவைப்படுவார்கள். நம் பிள்ளைகள் தயாராக இல்லையென்றால் வெளியூர்க்காரர் வருவார்.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, நம் வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், துப்புரவுப் பணியாளர்கள் வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைகள் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஐ.டி.ஐ. விண்ணப்பம் ஆன்லைனில்தான், அதைப் போட்டுக் கொடுக்க நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் போதும். இரண்டு, அந்தப் பிள்ளையின் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் அரசுப் பணம் வந்து சேராது. மூன்று, தொழில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த வருஷம் ஒரு பழகுநரையாவது முறைப்படி பதிவு செய்யுங்கள்.

நம் குடியிருப்பில் லிப்ட் நின்றால், மோட்டார் எரிந்தால், மதுரையிலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்கிறோம். அந்த வேலையைக் கற்கக்கூடிய பிள்ளை கேட் பக்கத்து அறையிலேயே இருக்கலாம். விண்ணப்பம் போட வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அறையில் உதவி செய்ய நான் தயார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாம் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள்.