பிறநாட்டு ஆசிரியர் ஒருவரின் பள்ளி நாளும் விடுமுறையும்



நாம் படித்த மிஷன் பாடசாலையின் மண்டபச் சுவரிலே வெள்ளைக்கார அதிபர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. இன்னார் இந்த ஆண்டில் வந்தார், இன்ன கட்டிடத்தை எழுப்பினார், இந்த ஆண்டிற் சென்றார் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதப்பட்டிருக்கும். அவர் காலையில் என்ன உண்டார், சந்தையில் எந்தப் பாஷையிற் பேசினார், தவணை முடிந்ததும் எங்கே போனார் என்பன அங்கே இல்லை. நமக்கோ கட்டிடத்தைவிட இவற்றையே அறிய ஆவல். இத்தகைய கேள்விகளுக்கு விரிவாக விடை எழுதி வைத்துப்போன பிறநாட்டு ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் பணி செய்த நாடு யப்பான். பெயர் லவ்காடியோ ஹேர்ண். அவரைப் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

அவர் 1850ஆம் ஆண்டிலே கிரேக்கத் தீவொன்றிற் பிறந்தவர். தாய் கிரேக்கப் பெண். தந்தை ஐரிஷ்காரர், பிரித்தானிய இராணுவ வைத்தியர். தாயையும் தந்தையையும் சிறு வயதிலேயே பிரிந்து டப்ளின் நகரில் உறவினரிடம் வளர்ந்தார். 16 வயதிற் பாடசாலை விளையாட்டில் நேர்ந்த விபத்தில் இடக்கண் பார்வை போயிற்று. பின்னர் அமெரிக்காவிலே பத்திரிகைத் தொழில். 1890 ஏப்பிரலில் யொகொகாமாத் துறையில் வந்து இறங்கியபோதும் பத்திரிகைக்கு எழுதவே வந்தார். வந்த சில நாளில் பதிப்பகத்தாரோடு பிணக்கு, கையிற் பணமில்லை. பேராசிரியர் சேம்பர்லேன் முதலியோர் உதவியால், அவ்வாண்டு ஆகஸ்ட் முடிவிலே மத்சுயே என்னும் சிறு நகரின் நடுத்தரப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியரானார். சம்பளம் மாதம் 100 யென். உடன் கற்பித்த யப்பானிய ஆசிரியர்கள் பெற்றதைவிட அது மிக அதிகம். சுதேசியும் விதேசியும் ஒரே வகுப்பிற் கற்பிக்க, வெவ்வேறு சம்பளம் பெறும் வழக்கம் நம் நாட்டுப் பெரியவர்களுக்குப் புதிதன்று.

மத்சுயே ஒரு வாவிக்கரை நகரம். முதலில் ஆற்றோரத்து விடுதி ஒன்றிலே தங்கினார். விடியுமுன் நெற்குற்றும் உலக்கையின் அதிர்வு தலையணைக்குள்ளே கேட்கும். பிறகு கோயில் மணி. பிறகு முள்ளங்கி விற்பவரின் கூவல். சாளரத்தைத் திறந்தால், ஆற்றுப்படியில் நின்று முகங்கழுவி, எழும் சூரியனை நோக்கிக் கைகொட்டிக் கும்பிடும் மாந்தர். பாலத்தின்மீது மரப்பாதணிகள் எழுப்பும் ஓசை. இவ்வளவையும் அவர் தமது முதல் யப்பானிய நூலில் எழுதியிருக்கிறார். உலக்கைச் சத்தமும் சூரிய நமஸ்காரமும் நம் பாட்டன்மார் காலத்துக் காலைப்பொழுதை நினைவூட்டவில்லையா? அந்த விடுதியை அவர் விட்டு நீங்கிய காரணமும் சொல்லத்தக்கது. அங்கிருந்த சிறுமி ஒருத்திக்குக் கண்நோய். வைத்தியரிடம் கொண்டுசெல்லுமாறு அவர் கேட்டும் வீட்டுக்காரர் பொருட்படுத்தவில்லை. ஒரு கண்ணை இழந்தவர் அதைப் பொறுப்பாரா? கோபித்துக்கொண்டு வெளியேறினார், சிறுமிக்கும் வைத்தியம் பார்ப்பித்தார்.

அவ்வாண்டு மாரி கொடியது. பனியிற் படுத்த படுக்கையானார். அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர் கொய்சுமி செற்சு என்னும் பெண்மணி. சாமுராய் குலத்திற் பிறந்து, காலமாற்றத்தால் வறுமைப்பட்ட குடும்பத்தவர். அவரே பின்னர் மனைவியானார். கணவருக்கு யப்பானிய மொழி வராது. மனைவிக்கு ஆங்கிலம் வராது. இருவரும் சேர்ந்து, வேற்றுமை உருபும் வினைத்திரிபும் இல்லாத ஒரு வீட்டுப் பாஷையை உண்டாக்கிக்கொண்டனர். 'ஹெருன் அவர்களின் பேச்சு' என்று இன்றும் அதற்குப் பெயர். ஆங்கிலச் சொற்களைத் தம் காதிற் கேட்டபடி யப்பானிய எழுத்தில் எழுதிப் பழகிய செற்சு அம்மையாரின் குறிப்புப் புத்தகம் இன்றும் இருக்கின்றது. 14 ஆண்டுகள் யப்பானில் வாழ்ந்தும் ஹேர்ண் அந்நாட்டு நூல்களைத் தாமே படிக்கும் நிலையை அடையவில்லை. உலகம் அவரை அறியச் செய்த பேய்க்கதைகள் பலவற்றையும் தேடிப் படித்து, இரவிலே விளக்கைத் தணித்துவைத்து வாயாற் சொன்னவர் செற்சு. புத்தகத்தின் அட்டையில் இருப்பது ஒரு பெயர்தான். 2025ஆம் ஆண்டிலே யப்பானியத் தொலைக்காட்சி அவ்வம்மையாரின் வாழ்வைத் தழுவிய நாடகத்தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது, காலந்தாழ்த்தியேனும் செய்தார்கள்.

நம் நாட்டிலும் இப்படித்தான். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் தமிழறிந்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். ஆயினும் வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் அவருக்கு அருகே இருந்தவர் அவர் பாடசாலையிற் படித்து, அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர் அன்றோ? வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் நாட்டை அறிந்தார் என்றால், அறிவித்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருப்பார்.

இனி வகுப்பறை. மத்சுயேயில் தலைமை ஆசிரியராயிருந்த நிஷிதா சென்தாரோ என்பவர் ஆங்கிலம் நன்கறிந்தவர். ஹேர்ணுக்கு நண்பரும் வழிகாட்டியும் அவரே. மாணாக்கர் வீட்டுக்கு வருவார்கள். கும்பிட்டு உட்கார்ந்து, தங்கள் குடும்பத்துப் பழம் பொருள்களைக் காட்டுவார்கள். 1890 நவம்பர் 3ஆந் திகதி சக்கரவர்த்தியின் பிறந்தநாள். பாடசாலையில் வைக்கப்பட்ட அவர் படத்துக்கு எல்லோரும் தலைவணங்க, ஹேர்ணும் வணங்கினார். பின்னர் ஒரு மாணவன் இதைப்பற்றிப் பேச வந்தான். முன்னர் இங்கு ஆங்கிலம் கற்பித்த பாதிரியார் ஒருவர், தம் கடவுளையன்றி வேறெதையும் மதிப்பவர்கள் அறிவற்றவர்கள் என்று சொல்லித் தங்களைக் காட்டுமிராண்டிகள் என்றாராம். நீங்கள் அப்படியல்லவே என்றான் அவன். உங்கள் நாட்டையும் அரசரையும் மதிப்பது உங்கள் கடமை என்ற பொருள்பட ஹேர்ண் விடை கூறினார்.

இந்த இடத்திலே மன்றத்தினர் பலர் முகமலர்வதைக் காண்கின்றோம். மிஷன் பாடசாலையிற் படித்தவர்களாதலால் நாமும் இரண்டு வகை ஆசிரியர்களையும் பற்றிக் கேட்டதுண்டு. நெற்றியில் நீறு பூசி வந்தவனை வாசலில் நிறுத்தினவர்களைப் பற்றியும் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்; அவனோடு தேவாரத்தின் பொருளை ஆராய்ந்தவர்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால், நம்மை மெச்சினவர் என்பதற்காகவே ஒருவரை முற்றும் நம்பிவிடலாமா? ஹேர்ண் வணங்கிய அதே படமும், 1890 ஒக்டோபர் 30இல் வெளியான கல்வி பற்றிய அரச கட்டளையும், பின் வந்த ஆண்டுகளிற் சிறுவர்களைப் போருக்கு அணிவகுக்கும் கருவிகளாயின. 1948 ஜூனில் யப்பானியப் பாராளுமன்றமே அக்கட்டளை செல்லாது என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று. ஹேர்ண் பழைய யப்பானைக் காதலித்தவர். ஆலைப்புகையும் மேனாட்டு உடுப்பும் அவருக்கு ஆகா. மின்விளக்கில்லாத ஊர் விருந்தாளியின் கண்ணுக்கு அழகாயிருக்கலாம். அங்கே பிறந்த பிள்ளைக்கு இரவிற் படிக்க வெளிச்சம் வேண்டும். இதையும் மறவாமல் அவர் நூல்களைப் படிக்க வேண்டுமென்பது எமது எண்ணம்.

இனி நாம் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருவோம். விடுமுறையில் அவர் எங்கே போனார்?

அக்காலத்தில் பிறநாட்டார் யப்பானில் நினைத்தபடி திரிய முடியாது. துறைமுகக் குடியிருப்புகளைச் சுற்றிப் பத்து 'ரி', அதாவது ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வரையே தடையில்லை. அதற்கப்பாற் செல்ல அரசாங்கத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். உடல்நலத்துக்காக என்றோ ஆராய்ச்சிக்காக என்றோ காரணங்காட்டிப் பெறுவார்கள். 1899இலே புதிய உடன்படிக்கைகள் நடைமுறைக்கு வந்த பின்னரே இது நீங்கிற்று.

பிறநாட்டு ஆசிரியரும் பாதிரிமாரும் பெரும்பாலும் தம்மினத்தார் கூடும் மலைவாசத்தலங்களை நாடினர். யப்பானிலே கருயிசாவா என்னும் மலையூர், 1886இல் ஷோ என்ற பாதிரியார் அங்கு சென்ற பின் அவ்வாறு வளர்ந்தது. நமக்கு அண்மையிலே கொடைக்கானல் உண்டு. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. சமவெளியின் காய்ச்சலிலே பிள்ளைகளைப் புதைத்துவிட்டு மலையேறிய பெற்றோர் அவர்கள். யாழ்ப்பாணத்திலே வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபரான டானியல் பூவர், 1855இல் மானிப்பாயிலே வாந்திபேதி கண்டு இறந்தார். உயிருக்கு அஞ்சுவது குற்றமாகாது. ஆயினும் மலையிலே தம்மவர் நடுவே கழிந்த மாதங்களில் ஊர்மொழியும் ஊர்ச் சோறும் எட்டத்திலே இருந்திருக்கும் என்பதும் உண்மை.

ஹேர்ண் மலைக்குப் போகவில்லை. வந்த மாதமே கிற்சுகி என்னும் இடத்து இசுமோப் பெருங்கோயிலுக்குச் சென்றார். நிஷிதா கொடுத்த அறிமுகக் கடிதத்தினால், மேனாட்டவர் எவரும் அதுவரை புகாத உள்ளிடத்திற்கு அவரைத் தலைமைப் பூசகர் அழைத்துச் சென்றார். மறுகோடையில் அங்கே கடற்கரையிலே நீந்திக்கொண்டு பல நாள் தங்கினார். அவ்வாண்டே செற்சுவோடு படகேறிக் கக்கா என்னும் ஊரின் கடற்குகைக்குப் போனார். மூன்று மயிரை அசைக்கும் காற்றடித்தாலும் அங்கே போகலாகாது என்பது அவ்வூர் வழக்கு. இறந்த குழந்தைகளின் ஆவிகள் இரவிலே வந்து அங்கே கற்களை அடுக்கி விளையாடும் என்பது நம்பிக்கை. அவை காலில் அணிய வைக்கோற் பாதணிகளை, விரலளவு சிறியனவாக, தாய்மார் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஹேர்ண் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மூடநம்பிக்கை என்று விரிவுரையும் நிகழ்த்தவில்லை. கல்லடுக்குகள் கலையாதபடி அடிமேல் அடிவைத்து நடந்தார்.

1891 நவம்பரில் மத்சுயேயின் குளிருக்கு அஞ்சித் தெற்கே குமமோட்டோ உயர்தரப் பாடசாலைக்கு மாறினார். சம்பளம் 200 யென். அங்கே அதிபராயிருந்தவர் யூடோக் கலையின் தந்தையான கானோ ஜிகோரோ. ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை. 1877ஆம் ஆண்டுப் போரிலே எரிந்த நகரம் அது. ஆதலால் விடுமுறையை எதிர்பார்த்தே நாளைக் கழித்தார் போலும். 1892இல் ஒகித் தீவுகளுக்கு நீராவிக் கப்பலிற் சென்றார். ஓரூரிலே, வெள்ளைக்காரரைக் கண்டிராத மக்கள் விடுதியைச் சூழ்ந்துகொண்டு, ஏறக்கூடிய இடமெல்லாம் ஏறி எட்டிப் பார்த்தார்கள்; பார்த்தார்களேயன்றி ஒருவரும் துன்பஞ் செய்யவில்லை என்று எழுதுகிறார். 1893இல் நாகசாகிக்குப் போய் மேனாட்டுப் பாணி ஓட்டல் ஒன்றிலே தங்கிப்பார்த்தார். நாற்காலியும் மேசையும் புழுக்கமும் பொறுக்கமாட்டாமல் ஓடிவந்து, வழியிலே மிசுமித் துறையின் யப்பானிய விடுதியில் பாயிலே உட்கார்ந்த பின்னர்தான் அவருக்கு மூச்சு வந்தது.

1896இல் அவர் யப்பானியப் பிரஜையாகி, கொய்சுமி யகுமோ என்ற பெயர் பூண்டார். மனைவி மக்களுக்குச் சொத்துரிமை கெடாதிருக்க வேண்டுமென்பதே பெருங்காரணம். அதே ஆண்டிலே தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். சம்பளம் 400 யென். இப்போது எந்த மலைவிடுதிக்கும் போகும் வசதியுண்டு. அவர் போனது யெய்சு என்னும் மீனவர் ஊருக்கு. 1897ஆம் ஆண்டு தொடக்கம் பல கோடைகளைப் பிள்ளைகளோடு அங்கேயே கழித்தார். மீன்கடை ஒட்டோகிச்சியின் மாடியறையே உறைவிடம். கீழே மீன் நாற்றம். மேலே ஈயும் தெள்ளும். ஆழ்கடலில் நீந்துவதும், மகன் கசுவோவுக்கு நீந்தப் பழக்குவதும், ஒட்டோகிச்சியோடு பேசுவதுமே வேலை. முதற்கோடையிலேயே பூஜி மலையிலும் ஏறினார். கூலியாள் ஒருவர் முன்னே இழுக்க, மற்றவர் பின்னே தள்ள, ஒற்றைக்கண்ணரான 47 வயது மனிதர் உச்சியைக் கண்டார்.

ஒட்டோகிச்சி அவரைச் 'சென்செய் சாமா' என்று அழைப்பார். 'வாத்தியார் ஐயா' என்றால் நமக்கு விளங்கும். அவர் வீட்டுத் தெய்வமாடத்திலே ஒரு தருமாப் பொம்மை இருந்தது. அதற்கு ஒரு கண்தான் வரையப்பட்டிருந்தது. நல்ல லாபம் வந்தால் மறு கண்ணையும் வரைவது அவர்கள் வழக்கம். ஹேர்ண் புறப்படும்போது தங்கியதற்குரிய பணத்தைத் தாராளமாகக் கொடுத்தார். பிறகு பார்த்தால் தருமாவுக்கு இரண்டு கண்களும் இருந்தன.

1903இலே பல்கலைக்கழகம் அவரைத் தொடர்ந்து வைத்திருக்கவில்லை. மாணவர்கள் கிளர்ந்தெழுந்தும் பயனில்லை. அவ்விடத்துக்கு வந்தவர்களுள் ஒருவர் பின்னாளில் பெரும் நாவலாசிரியராய் விளங்கிய நட்சுமே சொசெக்கி. 1904இல் வசேதாவிலே கற்பிக்கத் தொடங்கிய ஹேர்ண், அக்கோடையிலும் யெய்சுவுக்குப் போய்வந்து, செப்டெம்பர் 26ஆந் திகதி மாரடைப்பால் இறந்தார்.

1987 முதல் யப்பானிய அரசு பல நாட்டு இளம் பட்டதாரிகளை ஆங்கில வகுப்புகளுக்கு உதவியாளராக ஆண்டுதோறும் அழைக்கின்றது. நம் மன்றத்திலிருந்தும் யாரேனும் ஒருநாள் இப்படி ஒரு பிறநாட்டு வகுப்பறையில் நிற்கக்கூடும். அவர்களுள் யாரேனும் யப்பானுக்குப் போவாராயின் ஒரு செய்தி: ஒட்டோகிச்சியின் வீடு இப்போது யெய்சுவில் இல்லை. அதைப் பெயர்த்தெடுத்து, இனுயாமா நகரிலுள்ள மெய்ஜி முரா என்னும் திறந்தவெளிக் காட்சிச்சாலையில் நிறுவியிருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்க்கலாம்.