குமட்டலும் கணக்கேடும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனையும் வள்ளுவரையும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, வாந்தியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது நகைப்பைத் தரலாம். அதுவும் யாம் மருத்துவரல்லோம். பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்டு, கரக்பூரில் ரயில் சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா. விருந்துக்கு முன்பாகவே எம்மைப் பேசவிட்ட செயலாளர் அவர்களே இக்குற்றத்திற்குப் பொறுப்பாவார்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்தாருக்கு இரண்டாம் பிள்ளைப்பேறு அறுவை முறையில் நிகழ்ந்தது. அன்றிரவு முழுவதும் ஓயாத வாந்தி. ஒவ்வொரு முறையும் தையல் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, இரு கைகளாலும் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடந்தார். "வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியாது" என்றார். பிற்பாடு பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தும், கல்லுக்கு அஞ்சாமல் வாந்திக்கு அஞ்சி இரண்டு ஆண்டுகள் அறுவையைத் தள்ளிப்போட்டார். அதற்குள் காமாலை கண்டது. சென்ற ஆண்டு வேறு வழியின்றி மருத்துவமனையில் சேர்த்தோம்.

அங்கே மயக்கமருந்து கொடுக்கும் பெண் மருத்துவர் வந்து, பேருந்தில் சென்றால் குமட்டல் வருமா என்று வினவினார். இவர் ஏதோ பொழுதுபோக்காகக் கதை கேட்கிறார் என்று எம் இல்லத்தார் எண்ணிக்கொண்டார். ஏற்காட்டு மலைப்பாதையில் இரண்டாம் வளைவிலேயே பை தேடுபவர் அவர்! அக்கேள்வி கதையன்று, கணக்கு என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று.

ஆப்ஃபெல் என்னும் ஜெர்மானிய மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1999ஆம் ஆண்டில் நான்கே வினாக்கள் கொண்ட ஒரு கணக்கை வெளியிட்டனர். நோயாளி பெண்ணா? புகை பிடிக்காதவரா? முன்பு அறுவைக்குப் பின்னோ பயணத்திலோ வாந்தி எடுத்ததுண்டா? அறுவைக்குப் பின் வலிக்காக அபின் இன மருந்து கொடுக்கப்படுமா? நான்கிற்கும் இல்லையென்றால், குமட்டலோ வாந்தியோ வருவது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு. நான்கிற்கும் ஆம் என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேருக்கு. புகை பிடிப்போருக்கு இத்தொல்லை குறைவு என்பது உண்மையே; அதைச் சான்று காட்டிச் சுருட்டுக்கு நியாயம் தேட வேண்டா. எம் இல்லத்தார் நான்கிலும் தேறிவிட்டார். ஆதலால் அறுவையின் தொடக்கத்தில் டெக்சாமெத்தசோன், முடிவில் ஒண்டான்செட்ரான் என இரண்டு மருந்துகள் செலுத்தினர். மாலையில் அவர் கண் விழித்துக் கேட்ட முதற்பொருள் காப்பி.

ஒண்டான்செட்ரான் முதலில் புற்றுநோயாளர்களின் துயரைத் தீர்க்க வந்த மருந்து. 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து, தடுப்பு மருந்து இல்லாவிடில் ஏறக்குறைய எல்லோருக்கும் கடும் வாந்தியை உண்டாக்கும். நோய் குணமாகும் என்று தெரிந்தும் இடையிலேயே சிகிச்சையைக் கைவிட்டவர்கள் உண்டு. குடற்சுவரிலுள்ள சில அணுக்கள் செரோடோனின் என்னும் பொருளை வெளியிட, அது நரம்பைத் தூண்டி மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அத்தந்தியை வழியில் நிறுத்துவதே இம்மருந்தின் வேலை. எலிக்கு வாந்தி எடுக்கும் இயல்பே இல்லையாதலால், கீரிப்பிள்ளையை ஒத்த ஃபெரட் என்னும் விலங்கைக் கொண்டு இதனைச் சோதித்தனர். அமெரிக்காவில் 1991இல் அனுமதி கிடைத்தது.

இனி, எம்மை உறங்கவொட்டாமல் செய்த செய்திக்கு வருவோம். இதே இனத்தைச் சேர்ந்த கிரானிசெட்ரான் முதலிய மருந்துகளைப் பற்றி ஜப்பானில் ஃபூஜி என்னும் மயக்கமருந்து மருத்துவர் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிக் குவித்தார். மருந்து அருமையாக வேலை செய்கிறது என்றே எல்லாம் கூறின. 2000ஆம் ஆண்டில் ஆப்ஃபெல் உள்ளிட்ட மூவர், இவ்வெண்கள் நம்பத்தகாத அளவுக்கு அழகாக இருக்கின்றனவே என்று ஓர் இதழுக்கு எழுதினர். எந்த மருந்து கொடுத்த பிரிவாயினும் தலைவலி வந்தோர் தொகை, கட்டுரைக்குக் கட்டுரை, ஒன்றாகவே இருந்தது. அதன் பின்னும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் எவரும் கட்டுரைகளை நிறுத்தவில்லை.

இதைப் படித்தபோது எமக்கு உடல் கூசிற்று. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு சிறு நிலையத்தில், மணிக்கொரு முறை தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கும் பணி எமக்கு இருந்தது. மார்கழிக் குளிரில் ஓரிரவு எழுந்து செல்லாமல், விடியற்காலையில் எட்டு வரிகளையும் ஒரே மூச்சில் நிரப்பினோம். மூத்த எழுத்தர் ஏட்டைப் புரட்டியதும், "தம்பி, தண்ணீர் இவ்வளவு ஒழுங்காகவா குறையும்?" என்றார். அன்றிரவு இரண்டு வண்டிகள் தண்ணீர் பிடித்துச் சென்றிருந்தன. எம் எண்களில் அவை நின்றதாகவே தெரியவில்லை.

ஃபூஜியின் ஏட்டையும் அவ்வாறே ஒருவர் பிடித்தார். கார்லைல் என்னும் ஆங்கிலேய மருத்துவர், அவருடைய 168 சோதனைகளை எடுத்துக்கொண்டு 2012ஆம் ஆண்டில் கணக்குப் பார்த்தார். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தால், பிரிவுக்குப் பிரிவு சராசரி வயதும் எடையும் சற்றேனும் ஏறி இறங்கும். அங்கே இருந்த எண்கள் தற்செயலாய் அமைந்திருக்க முடியாதவை. அதே ஆண்டில் ஜப்பானிய மயக்கமருந்தியல் சங்கம் 212 கட்டுரைகளை ஆராய்ந்து, 172இல் பொய் கலந்திருப்பதாக அறிவித்தது. அவற்றுள் 126 முழுக் கற்பனை. அந்நோயாளிகள் பிறக்கவே இல்லை! ஐயத்திற்கு இடமற்றவையாகத் தேறியவை மூன்றே.

தண்ணீர்த் தொட்டிப் பொய்யால் ஒரு வண்டி தாமதமாகும். மருந்தேட்டுப் பொய் எங்கெங்கே போய்ச் சேரும்? பல சோதனைகளை ஒன்றுசேர்த்துச் சராசரி காண்போர் இவற்றையும் சேர்த்தே கூட்டியிருந்தனர். மருத்துவர்கள் அதை நம்பியே மருந்தைத் தேர்ந்தனர். ஃபூஜியின் எண்களை நீக்கிக் கணக்கிட்டபோது, கிரானிசெட்ரான் வேலை செய்வது மெய்யே, ஆனால் அவர் காட்டிய அளவுக்கு அன்று எனத் தெரிந்தது.

மெய்யான கணக்கு எப்படியிருக்கும் என்று கேட்பீர்களாயின், 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 5,199 நோயாளிகளின் சோதனையைச் சொல்லலாம். ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன், டிரோபெரிடால் ஆகிய ஒவ்வொன்றும் ஆபத்தை ஏறத்தாழக் கால் பங்கே குறைக்கின்றது. நூற்றில் அறுபது பேருக்கு வரவேண்டியது ஒரு மருந்தால் 44 ஆகும். இன்னொன்றைச் சேர்த்தால் 33. கேட்பதற்கு இனிப்பாக இல்லை. எம் இல்லத்தாரைக் காத்தது இந்த இனிப்பில்லாக் கணக்கே.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2024ஆம் ஆண்டில் இன்னொரு கணக்கை வெளியிட்டது. ஓலான்சபைன் என்பது மனநோய்க்கு வழங்கும் பழைய மாத்திரை. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியையும் தடுக்கும். ஆனால் வழக்கமான 10 மில்லிகிராம் அளவு நோயாளியைப் பகலெல்லாம் தூங்கச் செய்யும். 2.5 மில்லிகிராமே வாந்தியைத் தடுக்கப் போதும், தூக்கமும் குறைவு என்று அங்கே கண்டனர்.

எம் சன்னலுக்கு மும்பைக்கும், வேலூருக்காகக் காட்பாடிக்கும் செல்லும் புற்றுநோயாளர்கள் சலுகைப் படிவத்துடன் வருகின்றனர். படுக்கை வகுப்பில் அவர்களுக்குக் கட்டணமே இல்லை. இதை அறியாதோர் நம் காலனியிலும் இருக்கலாம், வந்து கேளுங்கள். அவர்களுள் வங்காளப் பெரியவர் ஒருவர், கழிப்பறைக்கு அருகில் உள்ள இடமே வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வற்புறுத்துவார். சென்ற மாதம் வந்தவர், பெட்டியின் நடுவில் சன்னலோரமாக இடம் உண்டா என்று கேட்டார். இருந்தது, கொடுத்தோம்.