எந்த வாசிப்புக்கு எந்த டியூபா?



நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் பித்தளை வாத்தியங்கள் கொண்ட பாண்டுக் கோஷ்டி ஒன்று இருந்தது. அதற்கு டியூபா ஒன்று வாங்க வேண்டியிருந்தபோது, பெரியதே சிறந்தது என்று எண்ணி, கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரியதை வாங்கி வந்தேன். அதை ஊத ஆவலோடு முன்வந்தவன் எட்டாம் வகுப்பு மாணவன். மடியில் வைத்தால் அதன் ஊதுவாய் அவன் நெற்றிக்கு நேராக நின்றது. அண்ணாந்து ஊதி ஊதிக் களைத்தான். இரண்டு மாதங்களில் பாண்டைவிட்டே விலகிவிட்டான். குற்றம் அவனுடையதன்று, என்னுடையது. அன்று நான் அறியாதிருந்ததையே இன்று சொல்லப் போகிறேன்.

பித்தளை வாத்தியங்களுள் மிகத் தாழ்ந்த நாதம் உடையது டியூபா. வீப்ரெக்ட் என்ற பாண்டுத் தலைவரும், மோரிட்ஸ் என்ற வாத்தியக் கைவினைஞரும் 1835-ஆம் ஆண்டில் பெர்லினில் இதற்குக் காப்புரிமை பெற்றனர். திமிரி நாகசுரத்தைவிடப் பாரி நாகசுரம் நீளத்தில் மிகுந்தது. ஆதலின் சுருதியில் தாழ்ந்தது. அந்த நியதியே இங்கும் உண்டு. சுருண்டிருக்கும் குழாயை நீட்டி அளந்தால், பி பிளாட் டியூபா ஏறத்தாழ 18 அடி, சி டியூபா 16 அடி, ஈ பிளாட் 13 அடி, எஃப் 12 அடி இருக்கும்.

நீண்ட குழாய் கோஷ்டி முழுவதையும் தாங்கும் அடித்தளமாக ஒலிக்கும். ஆனால் மேல்ஸ்தாயியில் அதன் இயற்கை ஸ்வரங்கள் மிக நெருங்கி நிற்பதால், உதடு சிறிது தவறினாலும் பக்கத்து ஸ்வரம் ஒலித்துவிடும். குட்டைக் குழாயில் அதே ஸ்வரங்களுக்கிடையே இடைவெளி மிகுதி. இதனால்தான் இங்கிலாந்தின் பித்தளைப் பாண்டுகளில் ஈ பிளாட், பி பிளாட் இரண்டும் அருகருகே இடம் பெறுகின்றன. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் சி டியூபா பெருவழக்கு. 1954-இல் வான் வில்லியம்ஸ் இயற்றிய டியூபா கன்சர்ட்டோவைத் தனித்து வாசிப்போர் பலர் எஃப் அல்லது ஈ பிளாட்டை நாடுவர். நடந்துகொண்டே ஊதுவோர்க்கோ உடலைச் சுற்றித் தோளில் அமரும் சூசாபோனே ஏற்றது.

வாசிப்பைப் போலவே வாசிப்பவரின் உடல்வாகும் கருதத்தக்கது. 1930-களில் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவுக்காக யார்க் நிறுவனம் மாபெரும் டியூபா ஒன்றைச் செய்தது. அங்கு டியூபா வாசித்த டொனாடெல்லியின் பருத்த உடலுக்கு அது பொருந்தவில்லை. தம் மாணவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸுக்கு விற்றுவிட்டார். ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை சிகாகோ ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துப் பெரும் புகழ் எய்தினார். அந்தப் புகழோடு அந்த டியூபாவின் பெயரும் பரவியது. ஒருவருக்கு ஒவ்வாதது மற்றொருவருக்கு வாழ்நாள் துணையாயிற்று.

ஆகவே, டியூபா வாங்கச் செல்வோர் முதலில் அமர்ந்து பார்க்க வேண்டும். கழுத்து வளையாமல் ஊதுவாய் உதட்டுக்கு வருகிறதா? வால்வுகளுக்கு விரல் எளிதாக எட்டுகிறதா? தாழ்ந்த ஸ்வரத்தை ஒரே மூச்சில் நிறுத்த முடிகிறதா? இளையோர்க்கென முக்கால் அளவில் செய்யப்படும் டியூபாக்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை நான் வாங்கியிருந்தால், அந்த மாணவன் எங்கள் பாண்டில் நீடித்திருப்பான்.