சிறிய பெட்டிக்கு ஏற்ற அட்டை

வீட்டிற்குப் புதிதாக ஒரு பீரோ வாங்க நினைப்பவர், கடைக்குப் புறப்படுமுன் வாயிற்படியின் அகலத்தை ஒரு முறை அளந்துகொள்வார். அளக்காமல் வாங்கியவர் தெருவில் நின்று படும் பாட்டை நாம் கண்டிருக்கிறோம். கணினியில் விளையாடும் இளைஞர்களும் அவர்களுக்குப் பணம் தரும் பெற்றோரும் இந்தப் பழைய வழக்கத்தைக் கைக்கொண்டால் நன்மை அடைவார்கள். சிறிய கணினி ஒன்றில் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவது பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

கிராபிக்ஸ் கார்டு என்பது யாது? சாதாரணக் கணினித் திரையில் ஒரு வரிக்கு 1,920 புள்ளிகளாக 1,080 வரிகள் உள்ளன. மொத்தம் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள். விளையாட்டு நடக்கும்போது நொடிக்கு 60 முறை இவை அனைத்தும் புதிதாகத் தீட்டப்பட வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தையும் நிழலையும் கணக்கிட, ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் ஒரே நேரத்தில் உழைக்கின்றனர். அக்கணக்கர்கள் கூடி வாழும் இல்லமே இந்த அட்டை. 1999-ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 என்ற சில்லை வெளியிட்டபோது, ஜி.பி.யு. என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. விளையாட்டுகள் ஆண்டுதோறும் கனத்துக்கொண்டே போவதால், கணினியின் மற்ற உறுப்புகள் திடமாக இருக்கும்போதே இந்த அட்டை மட்டும் முதுமை அடைந்துவிடுகிறது. அதை மாற்றினால் கணினி மீண்டும் இளமை பெறும் என்பது உண்மையே.

ஆனால் பெட்டி சிறியதாயின், எந்த அட்டையையும் வாங்கிப் பொருத்திவிட இயலாது. சிறு கணினிகள் பலவற்றில் இருப்பது, 2001-ஆம் ஆண்டில் வியா நிறுவனம் வகுத்த மினி ஐ.டி.எக்ஸ். என்னும் அளவுடைய மதர்போர்டு. அது 17 சென்டிமீட்டர் சதுரம். அட்டை செருகுவதற்கு அதில் ஒரே ஒரு ஸ்லாட்தான் உண்டு. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டையோ 30 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமானது. மூன்று ஸ்லாட்டுகளின் இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே கேபினெட்டின் பின்தகட்டிலிருந்து எதிர்ச்சுவர் வரை உள்ள நீளத்தையும், அட்டைக்குக் கிடைக்கும் உயரத்தையும் தடிமனையும் முதலில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மின்கம்பி வளைந்து செல்ல மூன்று நான்கு சென்டிமீட்டர் தனியே விடவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அடுத்தது மின்சாரம். ஸ்லாட் வழியாக ஓர் அட்டை 75 வாட் வரை பெறலாம். அதற்கு மேல் வேண்டுமானால், எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் வழங்கும் மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். ஆறு முனைக் கம்பி 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரவல்லவை. அலுவலகங்களிலிருந்து பழையதாக வாங்கப்படும் ஒல்லியான கணினிகளில் இத்தகைய கம்பி பெரும்பாலும் இராது. அவற்றிற்கு 2024-இல் வந்த 6 ஜி.பி. நினைவகமுள்ள ஆர்.டி.எக்ஸ். 3050 போன்ற, 70 வாட்டில் அடங்கும் அட்டையே பொருந்தும். 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060-க்கு 115 வாட் வேண்டும். தனிக் கம்பியும் வேண்டும். கம்பி இல்லாத குறையை மலிவான ஒட்டுக்கம்பி கொண்டு தீர்க்க முயல்வது ஆபத்து. 2022-இன் இறுதியில், 450 வாட் உண்ணும் 4090 அட்டைகள் சிலவற்றில் மின் இணைப்பே உருகிற்று. இணைப்பு முழுமையாகச் செருகப்படாததைப் பொதுவான காரணமாக என்விடியா அப்போது குறிப்பிட்டது.

மூன்றாவது வெப்பம். நம் ஊர்களுக்கு இதுவே முதன்மையானது. திருவண்ணாமலை, ஐம்பூதத் தலங்களுள் தீக்குரிய தலமாகப் போற்றப்படுவது. அந்நகரை அடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில், சித்திரை மாதப் பிற்பகலில் ஒரு மாடியறையை எண்ணிப் பாருங்கள். அறைக் காற்று 38 டிகிரியில் இருப்பது அங்கே வியப்பன்று. அட்டை உண்ணும் மின்சாரம் அனைத்தும் முடிவில் வெப்பமாகவே வெளிவரும். 115 வாட் அட்டை, பழைய 100 வாட் குண்டு பல்பைவிடச் சற்று மிகுதியாகச் சுடும் ஓர் அடுப்பு எனலாம். வேலையும் விசிறியின் வேகமும் மாறாதிருப்பின், அறைக்கும் அட்டைக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் ஏறத்தாழ மாறாது. 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் நிற்கும் அட்டை, இந்த மாடியறையில் 83 டிகிரியைத் தொடும். அந்நிலையில் பல அட்டைகள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்குகின்றன. குளிர்ந்த அறையில் சோதித்தவர் எழுதிய புகழுரையை நம்பி வாங்கியவர், கொடுத்த விலையில் ஒரு பகுதியை இங்ஙனம் இழக்கிறார்.

இதற்குப் பரிகாரம் உண்டு. சில்லுக்குச் செல்லும் மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். வேகமோ அந்த அளவிற்குக் குறைவதில்லை. இதனைச் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெட்டியை மர அலமாரிக்குள் அடைக்காமல் இருப்பதும், சில மாதங்களுக்கு ஒரு முறை விசிறியில் படிந்த தூசியை நீக்குவதும் செலவில்லாத பரிகாரங்கள்.

பழைய மதர்போர்டு உடையவர்கள் இன்னொன்றையும் கவனித்தல் நலம். 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6400 அட்டை 53 வாட்டில் அடங்குவது; சிறு பெட்டிக்கென்றே செய்ததுபோலத் தோன்றுவது. ஆயினும் அது செய்தி கடத்துவதற்கு நான்கு பாதைகளையே பயன்படுத்துகிறது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறைப் பலகையில் அப்பாதைகளின் வேகம் பாதியாகிவிடுவதால், சில விளையாட்டுகளில் அட்டை தடுமாறும்.

வேங்கிக்காலிலிருந்து சென்னை ரிச்சி தெரு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அங்கே சென்று வாங்கிவந்த அட்டை அரை அங்குலம் நீளமாகிவிட்டால், ஒரு நாள் பயணமும் பேருந்துக் கட்டணமும் வீண். கடைக்காரர் திரும்ப ஏற்பாரா என்பது வேறு. பழைய அட்டை வாங்குவோர், அதை இயக்கிக் காட்டச் சொல்லி அரை மணி நேரமாவது பார்த்தே பணம் தரவேண்டும். எதீரியம் என்னும் மின்பணத்தை அட்டைகளால் ஈட்டும் முறை 2022 செப்டம்பரில் நின்றபோது, இரவு பகலாக உழைத்த அட்டைகள் ஏராளமாக விலைக்கு வந்தன.

பிள்ளை புதிய அட்டை கேட்கும்போது, பெற்றோர் மறுக்கவும் வேண்டாம். உடனே இசையவும் வேண்டாம். பெட்டியில் உள்ள இடம், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாட் அளவு, அதிலுள்ள கம்பிகளின் வகை, மதர்போர்டின் தலைமுறை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்காமல் அவற்றை எழுத முடியாது. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே திறக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். அந்தத் தாளோடு கடைக்குச் செல்லும் பிள்ளை, விலை மிகுந்த அட்டையைத் தேடாமல், தன் பெட்டிக்குப் பொருந்தும் அட்டையைக் கேட்டு வாங்கி வருவான்.