அறையில் லைட் மினுக்கினால்



கத்தாரின் வடகிழக்குக் கரையில், தோஹாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ராஸ் லஃபான். 1996-ஆம் ஆண்டின் கடைசியில் கத்தாரின் முதல் திரவ எரிவாயுக் கப்பல் ஜப்பானுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். நாட்டின் மின்சாரத்திலும் கணிசமான பங்கு இங்கேதான் பிறக்கிறது. ராஸ் கிர்தாஸ் என்ற ஒரு நிலையத்தின் திறன் மட்டும் 2,730 மெகாவாட். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஹெல்பர், சேஃப்டி ஆபீசர் என்று நம் ஊர்க்காரர்கள் இங்கே எல்லா வேலையிலும் இருக்கிறார்கள்.

சைட்டில் ஒரு மோட்டாரைத் திறக்க வேண்டுமென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். முதலில் பெர்மிட். பிறகு லைனைத் துண்டித்து, பிரேக்கருக்குப் பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் வைத்து, கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும். இத்தனையும் செய்துவிட்டு டியூட்டி முடிந்து ரூமுக்கு வரும் அதே மனிதரின் தலைமாட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கும். அதிலிருந்து இன்னொன்று. அதில் கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ், நாலு சார்ஜர். மேலே லைட் மினுக்கிக்கொண்டிருக்கும். கேட்டால், "அது ஒரு மாசமா அப்படித்தாங்க இருக்கு" என்பார். இன்றைய பேச்சு அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான்.

எல்லா மினுக்கலும் ஆபத்தில்லை. ஏசி கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் லைட் ஒருமுறை மங்கித் தெளிந்தால் பயப்பட வேண்டாம். எந்த மோட்டாரும் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். பழைய சோக்கு வைத்த டியூப்லைட் என்றால் ஸ்டார்ட்டரை மாற்றிப் பார்க்கலாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக ஒளிர்கிறதா? ஸ்விட்சில் இருக்கும் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் வழியாகக் கசியும் கரண்டே அதற்குப் போதும். ஆனால் இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்சிலும் அப்படி ஒளிர்ந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்விட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கலாம். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும்.

மினுக்கல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு லைட் என்றால் பல்போ ஹோல்டரோ. ஒரு அறை முழுவதும் என்றால் அந்த அறைக்கு வரும் லைனில் எங்கோ ஒரு முனை சரியில்லை. வீடு முழுக்க என்றால் மெயினில். பக்கத்துக் கட்டடத்திலும் மினுக்கினால் அது கத்தாரின் மின்சார, நீர் நிறுவனமான கஹ்ரமாவின் வேலை. 991-க்குப் போன் செய்யலாம்.

இதில் கெட்டிக்காரத்தனமாக ஒளிந்திருப்பது லூஸ் கனெக்‌ஷன். ஸ்விட்சுக்குள்ளோ பிளக் பாயின்டிலோ ஒரு ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியும் உலோகமும் முழுதாகத் தொடாத இடத்தில் மின்தடை கூடும். அந்தத் தடை அரை ஓம், அதன் வழியே ஓடும் கரண்ட் 10 ஆம்பியர் என்றால், அந்தச் சின்ன முனையில் மட்டும் 50 வாட் சூடு பிறக்கிறது. மொபைல் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். இரண்டு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்துப் பூசியது போல. சூட்டில் உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும், ஸ்க்ரூ இன்னும் தளரும். கடலோர ஈரக்காற்றில் உப்பும் இருப்பதால் முனையில் களிம்பு ஏறும். அடுத்த முறை சூடு இன்னும் கூடும்.

பிரேக்கர் டிரிப் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. கரண்ட் அளவுக்கு மேல் போனால்தான் அது விழும். இங்கே ஓடுவது அதே 10 ஆம்பியர்தானே. ஈ.எல்.சி.பி.யும் பேசாது, ஏனென்றால் எர்த்துக்கு எதுவும் கசியவில்லை. எந்தக் கருவியும் கவனிக்காத இந்தக் கோளாறு வெளியே தெரிவது விளக்கின் மினுக்கலிலும், சூடான ஸ்விட்சிலும், சர்சர் என்ற சத்தத்திலும், மீன் வாடை போன்ற ஒரு நெடியிலும்தான். கம்பியின் உறை கருகி, ஃபேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொண்ட பிறகு பத்திரிகையில் "ஷார்ட் சர்க்யூட்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய நாட்களை யாரும் எழுதுவதில்லை.

தோஹாவில் வில்லாஜியோ வணிக வளாகம் 2012 மே 28 அன்று எரிந்தது. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் இருந்த 13 பிள்ளைகள் உட்பட 19 பேர் இறந்தார்கள். ஒரு கடையின் டியூப்லைட்டில் ஏற்பட்ட மின்கோளாறில் தீ தொடங்கியதாக விசாரணையில் தெரியவந்தது. குவைத்தின் மங்காஃபில் 2024 ஜூன் 12 அதிகாலை, தொழிலாளர் குடியிருப்பின் தரைத்தளத்தில், காவலாளி அறையில் தொடங்கியதும் மின்கோளாறுத் தீதான். இறந்த இந்தியர்கள் குறைந்தது 45 பேர். அவர்களில் 7 பேர் தமிழர். பெரும்பாலோர் நெருப்பில் அல்ல, தூக்கத்தில் புகை சூழ்ந்து போனார்கள்.

நியூட்ரல் லூஸ் ஆவது இன்னும் மோசம். மூன்று ஃபேஸ் வரும் கட்டடங்களில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால், ஓர் அறையில் லைட் மங்கும், இன்னோர் அறையில் கண் கூசும் அளவுக்குப் பளிச்சென்று எரியும். 240 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிக்கூட வரலாம். ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் வரிசையாகப் போகும். லைட் ஒருமுறை மங்கித் தெளிந்தால் பொறுத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் பிரகாசமானால் காத்திருக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, பேனா வித்தை. வளைகுடாவில் பிளக் பாயின்ட் சதுர முள்ளுக்கானது. ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை முள் சார்ஜரைச் செருக, மேல் ஓட்டையில் பேனாவையோ இயர்பட்ஸ் குச்சியையோ விட்டு மூடியைத் திறப்பது நம்மவர்களிடம் பரவலான பழக்கம். முள் சரியாகப் பிடிக்காமல் லூஸ் ஆவது ஒரு தொல்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: சதுர முள் பிளக்குக்குள் ஒரு ஃப்யூஸ் இருக்கிறது, அதிகபட்சம் 13 ஆம்பியர். அது காப்பது வயரை. நம் ஊர் பிளக்கில் அது கிடையாது. சுவருக்குள் இருக்கும் லைனின் பிரேக்கர் பெரும்பாலும் 30 அல்லது 32 ஆம்பியர். அது விழும் முன்பே மெல்லிய வயர் உருகிவிடும். சரியான அடாப்டருக்குச் செலவாகும் சில ரியாலை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் கணக்கும் அந்த 13 ஆம்பியர்தான், சுமார் 3,000 வாட். கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடினாலே அதைத் தாண்டிவிடும். ஊரில் பீஸ் கட்டையில் தடித்த கம்பி முறுக்கிய பழக்கத்தில், இங்கே பிளக் ஃப்யூஸுக்குப் பதில் சிகரெட் ஃபாயில் சுற்றுபவர்களும் உண்டு. சைட்டில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும் என்பது அவர்களுக்கே தெரியும்.

கருகல் வாடையோ புகையோ வந்தால் மெயினை அணைத்து, தூங்குபவர்களை எழுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கத்தாரில் எண் 999.

அவ்வளவு தூரம் போகாத கோளாறு என்றால் ஸ்விட்சை நீங்களே கழற்ற வேண்டாம். மெயின்டனன்ஸுக்குப் புகார் கொடுங்கள். "லைட் மினுக்குது" என்று மட்டும் எழுதினால் பல்பை மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த அறை, எந்த நேரம், ஏசி ஓடும்போதா எப்போதுமா என்று எழுதுங்கள். புறங்கையை ஸ்விட்ச் பிளேட் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். வெப்பம் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதி, அந்த லைனின் பிரேக்கரை அணைத்துவிட்டு, ஆள் வரும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.