குழந்தையின் மனமும் நமது பொறுப்பும்

(திருவொற்றியூரில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலிக்காகவும் போனசுக்காகவும் நாம் பலமுறை கூடியிருக்கிறோம். இன்று நம் குழந்தைகளின் மனத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். "சோற்றுக்கே வழியைக் காணோம்; மனசுக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் கேட்கக்கூடும். சோறு வேறு, மனம் வேறு அல்ல. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

கணக்கும் இலக்கணமும் கற்பிப்பதைப் போல, கோபத்தை அடக்கவும், பயத்தை வெளியே சொல்லவும், அடுத்தவர் துயரை உணரவும் பள்ளியிலே கற்பிக்க வேண்டும் என்று இப்போது உலகெங்கும் பேசுகிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 1990-களில் இப்படிப் பத்துத் திறன்களைப் பட்டியல் போட்டது. தில்லி சர்க்கார் பள்ளிகளில் 2018 ஜூலையில், மழலை வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை, 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' துவக்கப்பட்டது. 2020-ம் வருஷத்திய தேசியக் கல்விக் கொள்கையும் இதைப் பற்றிப் பேசுகிறது.

இது பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டிய சரக்கா? இல்லை. சங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. ஒருவன் பேசி முடிக்கும் வரை மற்றவன் காத்திருப்பது, ஆத்திரத்தில் கல்லை எடுக்காமல் கோரிக்கையை எழுதுவது, பயந்தவனை ஏளனம் செய்யாமல் பக்கத்தில் நிற்பது - இவை இல்லாமல் எந்தச் சங்கம் நிலைத்தது?

இவை இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் வடசென்னையே சாட்சி. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மூன்றே வருஷத்தில், 1921-ம் வருஷப் பஞ்சாலைப் போராட்டத்தில், தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பக்கத்து மிஷினில் நிற்பவனின் அச்சத்தையும் அவமானத்தையும் உணராதவர்களிடம் ஒற்றுமை எப்படி வளரும்?

அது பழைய கதை என்று தள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது. பெரிய பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அது சிபாரிசு செய்தது. பிறர் வலியை உணரும் பாடம் நம் நாட்டில் உயிர் காக்கும் பாடம் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

எந்த மூச்சை இழுப்பது?

ஆனால் ஒரு கேள்வி. இந்த வகுப்புகளில் முதலில் என்ன சொல்லித் தருகிறார்கள்? "கண்ணை மூடு; ஆழ்ந்து மூச்சை இழு; மனம் அமைதியாகும்" என்கிறார்கள். நல்லதுதான். எண்ணூர்ப் பிள்ளை எந்த மூச்சை இழுப்பது?

2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில், மணலித் தொழிற்பேட்டையிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் குப்பங்களின் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் படிந்தது. அதே மாதம் 26-ந் தேதி இரவு, உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூங்கிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். 2024 அக்டோபர் 25-ந் தேதி, இதே திருவொற்றியூரில், ஒரு பள்ளிக்குள்ளேயே நெடியடித்து முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் மயங்கினார்கள். நவம்பர் 4-ந் தேதி பள்ளி திறந்தது. அன்றே மறுபடியும் சில மாணவிகள் மயங்கினார்கள்.

இந்தக் குழந்தைகளின் பயம் வியாதியா? கண்ணால் கண்டதால் வந்த பயம் அது. "பயப்படாதே" என்று சொன்னால் போகாது. என்ன வாயு, எங்கிருந்து வருகிறது, நெடி வந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், அம்மோனியா என்றால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் - இவற்றைக் கற்றுக்கொடுங்கள். மறுநாள் வகுப்பில் உட்கார வைத்துப் பேசவிடுங்கள், அழவிடுங்கள். அதுதான் உண்மையான மனநலப் பாடம். காற்றை அசுத்தம் செய்கிறவனை விட்டுவிட்டு, சகித்துக்கொள்ளக் குழந்தைக்குப் பயிற்சி கொடுப்பது பாடமல்ல, ஏமாற்று.

பசியும் அப்படியே. வயிறு காய்ந்த பிள்ளைக்குப் பொறுமையைப் போதிக்க முடியாது. பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை நகரசபை இதை 1920-லேயே உணர்ந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. பாடத்துக்கு முன் சோறு என்பதை ஒரு நூற்றாண்டாகக் கற்றிருக்கிறோம். அதோடு சுத்தமான காற்றையும் சேர்க்கச் சொல்கிறோம்.

யார் கற்பிப்பது?

ஆசிரியர் தலையிலேயே எல்லாவற்றையும் சுமத்துகிறார்கள். நிரம்பி வழியும் வகுப்பு, போதாததற்கு கணக்கெடுப்பு வேலை, தேர்தல் வேலை. இதற்கு மேல் மனநல வேலையுமா? பயிற்சி பெற்ற ஆலோசகர் தனியாக வேண்டும். இது நம் ஆசை மட்டுமல்ல. 2025 ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு, 100 மாணவர்களுக்குக் குறையாத எல்லாக் கல்வி நிலையங்களும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ, உளவியலாளரையோ, சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்கிறது. குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ம் வருஷத்திய கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது.

சட்டம் ஏட்டிலே இருக்கிறது. பள்ளிக்கு யார் கொண்டுவருவது? நாம்தான். அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டத்திற்குத் தவறாமல் போங்கள். தாய்மார்களே, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்! மூன்று தீர்மானங்களை எழுத வையுங்கள்:

1. நம் பள்ளிக்கு ஆலோசகர் எப்போது வருவார்? தேதி வேண்டும்.

2. வாயுக்கசிவு ஒத்திகை, ஒவ்வொரு பருவத்திலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்த வேண்டும்.

3. பள்ளி வாசலில் காற்றின் தரத்தை அளந்து, அன்றாடம் பலகையில் எழுத வேண்டும்.

நம் வீட்டுக்கும் ஒரு வார்த்தை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவனின் களைப்பு நமக்குத் தெரியும். மீன் அங்காடியில் நாளெல்லாம் நின்றவளின் கால்வலியும் தெரியும். ஆனாலும் மேஸ்திரி மீதுள்ள கோபத்தைப் பிள்ளையின் முதுகில் தீர்க்கக்கூடாது. அரைமணி நேரம் அது சொல்வதைக் கேளுங்கள். கைமீறிய கஷ்டமானால், பள்ளி விஷயத்துக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098 - இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தோழர்களே! தைரியம் என்பது பயமே இல்லாமலிருப்பதல்ல. பயத்தை நாலுபேரிடம் சொல்லி, நாலுபேராகச் சேர்ந்து அதன் காரணத்தை நீக்குவது. இதை நம் பிள்ளைகள் பள்ளியிலே கற்கட்டும். நாம் கற்றுக்கொண்டு விட்டோம் என்பதை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காட்டுவோம்!